வாடகை இல்லாத வீடு

ஊரில் செலவே இல்லை என்று சொல்கிறவர்கள் யாரும் ஊரில் இருப்பதில்லை. இதை நான் கொழும்பில், வெள்ளவத்தையில் நன்றாகக் கவனித்திருக்கிறேன். கடல் பார்த்த பிளாட், ஏசி போட்ட ஹோல், கண்ணாடி மேசையில் கேக். அங்கே இருந்துகொண்டுதான் அந்தக் கதை தொடங்கும். முருங்கைக்காய்க்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, நல்ல காற்று, கிணற்றுத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக வரும். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி உருகிக்கொண்டிருப்பவரின் கையில் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர் இருக்கும். அதில் ஒரு மிடறு குடித்துவிட்டு மறுபடியும் உருகுவார்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பிரசங்கத்துக்குப் பொறுப்பானவர் என் மச்சாள், என் கணவரின் அக்கா. இரண்டு மகன்களும் வெளிநாட்டில். அவர்கள் அனுப்பிய காசில் வன்னியில் மகன்களின் தகப்பனுடைய பழைய காணியில் ஒரு மாடிவீடு கட்டினார்கள். அந்த வீட்டின் கேற் மட்டுமே, கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்பக்கத்தைவிட அகலம். கட்டி முடித்ததும் பால் காய்ச்சினார்கள், படம் எடுத்தார்கள், பூட்டினார்கள். பூட்டிய கையோடு மச்சாள் வெள்ளவத்தைக்கு வந்து, ஊரைப்போல வருமா என்று பெருமூச்சு விடத் தொடங்கினார்.

என் கணவருக்கு ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்ட்டில் கிளார்க் வேலை. இறக்குமதி விழுந்த காலத்தில் யார்ட்டும் விழுந்தது. முதலில் ஓவர்டைம் போனது, பிறகு பாதிச் சம்பளம் போனது, பிறகு அவரே போனார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார். அவரையும் குறை சொல்லவில்லை, அவருக்கும் கரண்ட் பில் வருகிறது.

மிச்சம் இருந்தது என் உழைப்பு மட்டும். புதுக்கடையில் ஒரு லோயரின் முன்னறையில், கதவோரம், எனக்கு ஒரு மேசை இருக்கிறது. காணி உறுதிகளும் சத்தியக்கடதாசிகளும் தட்டெழுதிக் கொடுப்பேன். சிங்களத்தில் வந்த பொலிஸ் முறைப்பாட்டைத் தமிழில் போடுவேன், தமிழில் அழுகிறவர்களின் கதையைச் சிங்களத்தில் மனுவாக்குவேன். லோயர் எனக்குச் சம்பளம் தருவதில்லை. இருக்க இடம் தருகிறார், அதற்காக அவருடைய வேலையைக் குறைந்த விலைக்குச் செய்கிறேன், வெளியாட்களின் வேலை எனக்கு. கோர்ட் வாசலுக்கு அவ்வளவு கிட்ட ஒரு மேசை லேசில் கிடைக்காது. அதற்காக எத்தனை பேர் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வேலை போன கணவர் வீட்டில் இருந்து கணக்குப் போடத் தொடங்கினார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் சரக்குக்குக் கணக்குப் பார்த்த மனிதர், ஒரு காலையில் பெரிய கண்டுபிடிப்பொன்றோடு எழும்பினார்.

“செலவைக் குறைச்சா அதுவும் ஒரு வருமானம்தான்.”

“அப்ப சாப்பிடாமலே இருந்தா லட்சாதிபதி ஆகலாம்,” என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. மச்சாள் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்.

“பேசாம எங்கட வீட்டில போய் இருங்கோ,” என்றார். “வாடகை ஒண்டும் வேண்டாம். என்ர தம்பியிட்ட நான் வாடகை வாங்குவனே? சும்மா இருங்கோ. பூட்டிக் கிடந்தா வீடும் பழுதாப் போகும்.”

கடைசி வசனத்தைத்தான் நாங்கள் காது கொடுத்துக் கேட்டிருக்கவேண்டும். என் கணவருக்கோ முதல் வசனத்திலேயே கண் கலங்கிவிட்டது.

“அங்க எனக்கு என்ன வேலை கிடைக்கும் மச்சாள்?” என்று கேட்டேன்.

“அங்க உழைக்கவே தேவையில்லைப் பிள்ளை. செலவு இருந்தால்தானே உழைக்கோணும்?”

தம்பியும் அக்காவும் ஒரே வாய்ப்பாட்டைப் படித்தவர்கள். நான் லோயரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நீதியான மனிதர், கதையை நீட்டமாட்டார்.

“கோர்ட் லீவு வருதுதானே மிஸ், போய்ப் பாருங்க. ஆனா லீவு முடிஞ்சு கோர்ட் தொடங்குற நாளைக்கு நீங்க மேசையில இல்லாட்டி நான் வேற ஆளப் போட வேண்டி வரும். கோவம் வெச்சுக்கொள்ளாதீங்க.”

கொட்டாஞ்சேனை வீட்டை உடனே விடவேண்டாம், போய் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று கணவரைச் சம்மதிக்க வைத்தேன். அந்த ஒன்றில் மட்டும் நான் தலைகீழாக நின்றேன். மேசை போனால் எங்களுக்கு வருகிற ஒரே காசும் போகும், பிறகு வாடகை இல்லாத வீட்டில் அடுப்பும் இல்லாமல் இருக்கவேண்டியதுதான்.

போன புதிதில் கணவர் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தார். காலையில் மாமரத்தடியில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டார். காற்றுக்கு பில் வராது என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறகு நாங்கள் சந்தைக்குப் போனோம்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். தமிழில்தான் செபம் சொல்கிறேன், தமிழில்தான் ஒப்பாரி வைக்கிறேன், கணவரை ஏசுவதும் தமிழில்தான். ஆனால் என் வாழ்க்கையில் ஒருநாளும் நான் தமிழில் பேரம் பேசியதில்லை. கொழும்பில் சந்தை என்றால் வாயில் சிங்களம் தானாக வந்துவிடும். எதிரே இருக்கிற மரக்கறிக்காரரும் தமிழர்தான், நானும் தமிழச்சிதான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தாலும், “மல்லி, டிக்கக் அடு கரலா தென்னகோ” என்றுதான் தொடங்குவேன். தம்பி, கொஞ்சம் குறைத்துத் தாருமேன் என்று அர்த்தம். சிங்களத்தில் எனக்கு வெட்கமே கிடையாது. பொய்க்கோபம் வரும், நக்கல் வரும், பையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல நடந்து திரும்பி வருவேன். அதெல்லாம் இன்னொருத்தி செய்கிற மாதிரி. தமிழில் வாயைத் திறந்தால் மாமியார் வீட்டுக்குப் போன மருமகள் மாதிரி அடக்கம் வந்துவிடுகிறது.

கத்தரிக்காய் வைத்திருந்த அம்மா ஒரு விலை சொன்னார். கூடிய விலை. எனக்கும் தெரியும், கத்தரிக்காய்க்கும் தெரியும். “டிக்கக்” என்பது வரைக்கும் நாக்கில் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

“என்னம்மா?” என்றார் அவர்.

“ஒண்டுமில்லை, போடுங்கோ.”

என் கணவர் அதையும் தாண்டி, “மிச்சத்தை நீங்களே வையுங்கோ” என்று தாராளம் காட்டினார். வேலை போன மனிதரின் தாராளம். சந்தை முழுக்க அன்றைக்கே செய்தி பரவிவிட்டது. அதன்பிறகு எங்களுக்கென்று ஒரு பெயரும் ஒரு விலையும் வந்தன. பெயர் கொழும்பார். விலை, மற்றவர்களுக்குச் சொல்வதைவிட எப்போதும் ஒரு படி மேலே. மீன்காரர் தன் சைக்கிளை முதலில் எங்கள் கேற்றடியில்தான் நிறுத்துவார். எங்களிடம் நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அந்த லாபத்தில் ஊராருக்கு மலிவாகக் கொடுப்பார். ஊரில் மீன் மலிவு என்பது பொய்யில்லை. அந்த மலிவுக்குக் காசு கட்டியவர்கள் நாங்கள்.

முருங்கைக்காய் சும்மாதான், மறுக்கவில்லை. முருங்கைக்காய்க் குழம்பு, முருங்கைக்காய்ப் பொரியல், முருங்கையிலைச் சுண்டல். ஆனால் முருங்கைக்காயைப் போட்டு உடுப்புத் தோய்க்க முடியாது. கணவர் விழுங்கும் பிரஷர் குளிசை எந்த மரத்திலும் காய்க்கவில்லை. சவர்க்காரம், பால்மா, காஸ் சிலிண்டர் எல்லாம் கொழும்பு விலைதான், அதற்குமேல் டவுனுக்குப் போய்வரும் பஸ் கூலி. பஸ் தவறினால் ஓட்டோ. ஓட்டோக்காரரும் எங்களைக் கொழும்பார் என்றுதான் கூப்பிட்டார்.

அடுத்தது கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததை நாங்களும் கொடுத்தோம்.

“கொழும்பில இருந்து வந்த நீங்கள் இவ்வளவுதானோ?” என்று வந்தவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

நான் வேதக்காரி, அவர்களுடைய கோயிலுக்கு நான் போனதுகூட இல்லை. ஆனாலும் உள்ளே போய் இன்னும் எடுத்து வந்து கொடுத்தேன். கொட்டாஞ்சேனையில் பருப்பும் சம்பலும் மட்டும் சமைத்தால் அது பருப்பும் சம்பலும்தான், மேல்மாடியில் இருப்பவருக்கு அதைப்பற்றி ஒரு கவலையும் இல்லை. ஊரில் அது செய்தி. சிக்கனமாக இருக்க ஊருக்குப் போனோம், அங்கே சிக்கனமாக இருப்பதை ஒளிப்பதற்கே செலவழித்தோம்.

சரி, உழைப்போம் என்று பார்த்தேன். அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு திணைக்களத்தில் இருந்து வந்த சிங்களக் கடிதம் ஒன்று இருந்தது. வாசிக்க ஆள் இல்லை. எனக்கு வேலை காலடியில் கொட்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன். ஆட்களும் வந்தார்கள், நிறைய வந்தார்கள். பதிலையும் எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்ததும் அவர்கள் எழும்பி, “பெரிய உதவி அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர் முட்டை கொண்டுவந்தார்கள். ஒருவர் முருங்கைக்காய் கொண்டுவந்தார்.

புதுக்கடையில் கூலி கேட்பதும் எனக்குச் சிங்களத்தில்தான் வரும், இல்லாவிட்டால் லோயரின் பியோன் கேட்டு வாங்கித் தருவார். தமிழில், என் முன்னால் கதிரை நுனியில் இருக்கும் ஒரு மனிதரைப் பார்த்து, இதற்கு இவ்வளவு தாருங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை. அவர்களிடம் காசு இல்லை. நெல்லு வெட்டினால் காசு, வெட்டாத மாதங்களில் கடன். இல்லாதவர்களை நான் ஏசமாட்டேன். ஆனால் ஊரில் சாமான் மலிவாக இருப்பதற்குக் காரணமே அங்கே யாருடைய கையிலும் காசு இல்லை என்பதுதான். மலிவும் வேண்டும், உழைப்பும் வேண்டும் என்றால் எங்கே போவது? இதை விளங்கிக்கொள்ளப் பொருளாதாரம் படிக்கத் தேவையில்லை, வெள்ளவத்தை பிளாட்டின் லிஃப்ட்டில் கீழே இறங்கினால் போதும்.

கணவரும் வேலை தேடினார். அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுத ஆள் தேவைப்பட்டது. அவர்கள் சொன்ன சம்பளத்தில் போக்குவரத்துச் செலவைக் கழித்தால் மிச்சத்தில் பிளேன்டீ குடிக்கலாம், சீனி போடாமல். அவர் அந்த வேலையை எடுக்கவில்லை. வீட்டில் வேலை கிடக்கிறது என்றார்.

அது உண்மைதான். காலையிலும் பின்னேரமும் மச்சாள் வீடியோவில் வருவார்.

“தென்னம்பிள்ளைக்குத் தண்ணி விட்டாச்சோ? மேல்மாடி ஜன்னலைத் திறந்து காத்துப் போக விடு. அந்தப் பக்கம் திருப்பு. என்ன அது, சுவரில கறை?”

இவர் கைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்து, சாமி தூக்குகிறவர் மாதிரி, அறை அறையாக ஊர்வலம் போவார். வாடகை இல்லாத வீட்டில் மாபிள் தரையைத் துடைத்தார், கேற்றுக்கு எண்ணெய் விட்டார், கிணற்று மோட்டரைக் கழற்றிப் பூட்டினார். மோட்டருக்கான கரண்ட் பில் எங்களுடையது, நாங்கள்தானே பாவிக்கிறோமாம். தென்னம்பிள்ளைகள் குடித்த தண்ணீரின் பில்லையும் நான்தான் கட்டினேன்.

திருவிழாவுக்கு மச்சாளும் வெளிநாட்டு மகன்களும் குடும்பங்களோடு வந்தார்கள். நாங்கள் மேலறையில் இருந்து குசினியோடு ஒட்டிய பின்னறைக்கு மாறினோம். யாரும் மாறச் சொல்லவில்லை. மச்சாள் எங்கள் தலையணைகளைக் கொண்டுவந்து அங்கே வைத்தார், அவ்வளவுதான். நான் மூன்று வேளையும் சமைத்தேன். மருமகள்மார் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள், என் பேரைக் கேட்காமல்.

ஒருநாள் மச்சாளின் மகன் ஒருவருடைய சிநேகிதர், அவரும் வெளிநாட்டில் இருப்பவர், குடும்பத்தோடு வந்திருந்தார். மாமரத்தடியில் என் கணவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். சிநேகிதரின் மனைவி அவரைக் காட்டி, அது யார் என்று மச்சாளிடம் கேட்டார்.

“வீடு பாக்கிற ஆக்கள்,” என்றார் மச்சாள். வெளிநாட்டுக்காரிக்கு விளங்கவேண்டுமே என்று, “கெயார்டேக்கர்ஸ்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் தேத்தண்ணீர்த் தட்டோடு கதவடியில் நின்றேன். கணவருக்கும் கேட்டது, விளக்குமாறு ஒரு கணம் நின்று பிறகு ஓடியது. அன்று பின்னேரம் பின்னறையில் வைத்து, “கேட்டனீங்களோ?” என்றேன்.

“அக்கா வாய் தவறிச் சொல்லியிருப்பா.”

“ரெண்டு பாஷையில வாய் தவறுமோ?”

கோர்ட் தொடங்கும் நாள் கிட்டியிருந்தது. நான் பையை அடுக்கினேன், வாங்கோ என்றேன். இப்போது போனால் அக்கா என்ன நினைப்பா என்றார். அவருக்கு அக்கா என்ன நினைப்பா என்பதுதான் கவலை, மனைவிக்கு மேசை போகும் என்பது கவலையில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவருடைய சேட்டுகளையும் மடித்து வைத்துவிட்டு வந்தேன், கோபத்திலும் மடிக்கிற புத்தி எங்கள் பெண்களை விட்டுப் போகாது. தனியாகத்தான் பஸ் ஏறினேன்.

புதுக்கடைக்குப் போனபோது என் கதிரையில் ஒரு பெண் இருந்தாள். மடியில் பை, பைக்குள் சான்றிதழ்கள். என்னைக் கண்டதும் லோயரைப் பார்த்தாள், அவர் தலையாட்டினார், அவள் எழும்பிப் போனாள். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாடா என்றிருந்தது. நான் போய் இருந்தபோது கதிரையில் அவளுடைய சூடு இருந்தது.

அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனை வாடகையையும் நான் கட்டினேன், ஊருக்கும் நான் அனுப்பினேன். கரண்ட் பில், குளிசை, மீன்காரர், கோயில். செலவில்லாத ஊரில் இருக்கும் ஒரு மனிதருக்கு மாதாமாதம் செலவுக்குக் காசு போனது. ஒவ்வொரு முறை பேசும்போதும் தான் எவ்வளவு சிக்கனமாக இருக்கிறேன் என்று கணவர் சொல்வார். நான் ஓம் ஓம் என்பேன்.

வெள்ளவத்தையில் மாமனாரின் திவசச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன், கணவர் தென்னம்பிள்ளைகளை விட்டு வரமுடியாது என்று ஊரிலேயே நின்றுவிட்டார். சொந்தக்காரர் நிறைந்த ஹோலில் மச்சாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “என்ர தம்பியைப் பாருங்கோ, ஒரு சதம் செலவில்லாம அங்க எவ்வளவு நிம்மதியா இருக்கிறான். மனிசிதான் கொழும்பை விடமாட்டன் எண்டு நிக்கிறா.”

“அந்த நிம்மதிக்கு மாதாமாதம் காசு அனுப்பிறது நான் மச்சாள்,” என்றேன். “உங்கட தென்னம்பிள்ளையளுக்கும் சேத்து.”

யாரோ ஒருவர் வெயிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். “பாயாசம் எடும் பிள்ளை,” என்றார் மச்சாள். எடுத்தேன். நல்ல பாயாசம்.

மறுநாள் கணவர் போன் எடுத்தார்.

“ஏன் அக்காட்டச் சொன்னனீர்?”

“ஒண்டு செய்யுங்கோ,” என்றேன். “நீங்கள் வீடு பாக்கிற ஆள்தானே. சம்பளம் கேளுங்கோ. தராட்டி வாங்கோ.”

போனை வைத்துவிட்டார். அவர் இரண்டையும் செய்யமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் சில நாள் கழித்து, நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம், கையில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றார். வீட்டுத் திறப்புக் கொத்தை வேறொரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவர்களும் கொழும்பில் வேலை போய் வந்தவர்களாம். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து, எதிரில் இருந்தேன்.

“கேட்டனீங்களோ?”

“கேட்டனான்.”

எவ்வளவு கேட்டீர்கள் என்றேன். சொன்னார். நான் ஒரு உறுதி தட்டெழுதினால் வாங்குகிற கூலி அதைவிடக் கூட. ஒரு மாதத்துக்கு, ஒரு மாடிவீட்டுக்கு, தன் முழு உடம்புக்கும் சேர்த்து அந்த மனிதர் போட்ட விலை அவ்வளவுதான்.

“அவ என்ன சொன்னவ?”

“அது கூடிப்போச்சாம். அரைவாசிக்கு இருக்க ஆள் இருக்காம்.”

“நீங்கள்?”

கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். “சரி எண்டனான்,” என்றார். “அரைவாசிக்குச் சரி எண்டனான். ஆனா அதுக்கிடையில அந்த ஆக்கள் சும்மாவே இருக்கிறம் எண்டு வந்திட்டினம்.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அவ்வளவு காலமும் நான் மச்சாளை நக்கலடித்திருக்கிறேன், பழித்திருக்கிறேன், அவருடைய பேச்சை அவரைப்போலவே பேசிக் காட்டி புதுக்கடையில் ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். வெறுத்ததில்லை. அன்று காலை என் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மச்சாளை வெறுத்தேன். இன்றுவரைக்கும் அது ஆறவில்லை, ஆறவிடும் எண்ணமும் எனக்கு இல்லை.